மலைச் சதுப்பில் பாதை: வரப்பு தெரிந்தவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் ஆற்றங்கரையைக் காட்டுவோம். அதை விட்டால் களத்துமேடு. தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து என் அக்கா மகள் கல்லூரித் தோழிகளோடு நீலகிரிக்கு ட்ரெக்கிங் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“மாமா, சோலைக்காடு, ஏரி எல்லாம் சரி. நடுவுல சதுப்பு நிலமும் வருமாம். சதுப்புக்குள்ள எப்படிப் பாதை இருக்கும்?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மலைநடையைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரிதான். டெல்டாக்காரர்களுக்கு இது சீக்கிரம் புரியும் என்றும் நினைக்கிறேன். சேறும் வரப்பும் நமக்குப் பழக்கம்.

முதலில் பாதை என்றால் என்ன என்று பார்க்கலாம். மலையில் நடப்பதற்கென்று இருக்கும் பாதை தார் ரோடு அல்ல. மாடு போன தடமும் அல்ல. இங்கே கால் வைக்கலாம், இதைத் தாண்டி வைக்கக் கூடாது என்று யோசித்து வகுத்த ஒரு கோடு அது. நம் வரப்பும் அதுதானே? வயலுக்குப் போக வழி தருகிறது, கூடவே பயிரை நம் காலிலிருந்து காப்பாற்றுகிறது. நடவு முடிந்த வயலில் குறுக்கே நடந்து பக்கத்து வீட்டுக்குப் போனால் கிட்டம் என்பதற்காக யாரும் அப்படிப் போக மாட்டார்கள். சுற்றி, வரப்பு வழியாகத்தான் போவார்கள். மலைப் பாதையின் முதல் விதியும் இதுதான்.

வரப்பு கண்ணுக்குத் தெரியும். மலைப் பாதை பல இடங்களில் தெரியாது. அதனால் அடையாளம் வைப்பார்கள். பாறையில் பெயின்ட் அம்பு, மரத்தில் பூசிய வண்ணப் பட்டை, அடுக்கிய கல் குவியல், முளைக்கம்பம் என்று ஊருக்கு ஊர் மாறும். அயர்லாந்தில் கறுப்புக் கம்பத்தில் மஞ்சள் நிறத்தில் நடக்கிற மனிதனின் உருவத்தை வரைந்திருப்பார்கள். பக்கத்தில் ஓர் அம்பு. இந்த அடையாளங்களை நம் எல்லைக்கல் போல மதிக்க வேண்டும். படம் எடுப்பதற்காகப் பாதையோரம் புதிதாகக் கல் அடுக்கிவிட்டு வருவது இப்போது பழக்கமாகியிருக்கிறது. மூடுபனியில் வருகிற ஒருவர் அதை வழிக் குறி என்று நம்பித் தவறான பக்கம் இறங்கிவிட முடியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, காட்டுக்குள் போவோம். சோலை என்றால் நமக்குத் தென்னஞ்சோலையும் மாந்தோப்பும்தான் நினைவுக்கு வரும். நீலகிரியில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஏறக்குறைய 1,700 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் ஒடுங்கி நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டைத்தான் அங்கே சோலை என்கிறார்கள். மரங்கள் முறுக்கிக்கொண்டு வளரும்; கிளையெல்லாம் பாசி படர்ந்திருக்கும். சோலையைச் சுற்றி மேட்டில் புல்வெளி. உறைபனியும் தீயும் காற்றும் மரக்கன்றுகளைப் புல்வெளியில் தலையெடுக்க விடுவதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை என்று ஒன்று இருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அதிலிருந்துதான் போகிறது. முதல் முறையாக ஒரு சோலைக்குள் நடக்க நினைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

காட்டுப் பாதையில் கவனிக்க வேண்டியவை இரண்டு: வேரும் அட்டையும். ஈரமான வேரில் கால் வைத்தால் பாசி பிடித்த படித்துறையில் கால் வைத்த மாதிரிதான். வேரைத் தாண்டி வையுங்கள், அதன் மேல் வேண்டாம். அட்டை நமக்குப் புதிதில்லை. ஆனால் நம் குளத்து அட்டை தண்ணீரில் வரும், சோலை அட்டை இலைச் சருகிலிருந்து ஏறும். பதறிப் பிடுங்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கினால் பிடி விட்டுவிடும். விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை தன் எச்சிலில் ஒரு பொருளை விடுவதுதான் காரணம்; பயப்பட ஒன்றுமில்லை.

ஏரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரியில் நடக்கும்போது பார்க்கிற ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர்கள் உண்டாக்கியவை. ஊட்டி ஏரியே 1820களில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அமைத்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். நம் வடுவூர் ஏரியில் கரையிலிருந்து இறங்கினால் கொஞ்ச தூரத்துக்கு முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். மலை நீர்த்தேக்கம் அப்படி இல்லை. பள்ளத்தாக்கை அடைத்துக் கட்டியது, கரையிலிருந்து இரண்டடியில் ஆள் ஆழம் வந்துவிடும். தண்ணீரும் கை விறைக்கிற குளிர்ச்சி. நீச்சல் தெரியும் என்று இறங்காதீர்கள். ஆற்றில் நீந்திப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது சதுப்புக்கு வருவோம். சொல்ல வேண்டிய விஷயம் அதிகம் இருப்பது இங்கேதான்.

நமக்குச் சதுப்பு என்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவந்து சேர்க்கிற வண்டலில், கடலின் ஏற்ற இறக்கத்தில் உண்டான சேறு அது. விரலிடையில் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்கும். மண், நல்ல நயமான மண். மலைச் சதுப்பில் காலுக்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதி மண்ணே கிடையாது. அது செடி: செத்து, மட்காமல், ஒன்றன் மேல் ஒன்றாக அமுங்கிக் கிடக்கும் புல்லும் வேரும் பாசியும். தமிழில் இதை முற்றா நிலக்கரி என்று எழுதுகிறார்கள். பீட் என்றும் சொல்வதுண்டு.

நான் இதை முதலில் கையில் வாங்கிப் பார்த்தது ஓர் ஓடைக்கரையில். ஓடை அரித்த இடத்தில் கரை நெட்டுக்குத்தாக நின்றது. மேலே ஒரு சாண் பச்சைப் புல். அதற்குக் கீழே இடுப்பளவு உயரத்துக்குக் கன்னங்கரேல் என்று ஒரு படுகை. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டித் தம்பி, கரையிலிருந்து தானாக உதிர்ந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டி பெரிதாக இருந்தது, எடை அவ்வளவாக இல்லை. “பிழிஞ்சு பாருங்கண்ணே” என்றார். பிழிந்தேன். டீத்தூள் நிறத்தில் தண்ணீர் விரலிடையில் வழிந்து மணிக்கட்டு வரை ஓடியது. கையில் மிஞ்சியது ஒரு பிடி நார். ஊறின வைக்கோல் மாதிரி, ஆனால் மெல்லிசாக, கறுப்பாக. ஒரு புல்லின் தாள் அதில் முழுசாகத் தெரிந்தது. நாற்றம் இல்லை. முத்துப்பேட்டைச் சேற்றில் வருகிற அழுகிய முட்டை வாடையை எதிர்பார்த்து மூக்கருகே கொண்டுபோனேன். ஈர மண்ணின் வாசம்தான் வந்தது.

அது ஏன் மட்கவில்லை? நம் வயலில் அறுப்புக்குப் பின் தாளை மடக்கி உழுதுவிட்டால் அடுத்த நடவுக்குள் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. வெயிலும் காற்றும் நுண்ணுயிரும் சேர்ந்து செய்கிற வேலை. மலைப் பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, நீரில் மூழ்கிய செடிக்குள் காற்று போவதில்லை, குளிர் வேறு, தண்ணீரில் புளிப்புத்தன்மையும் உண்டு. மட்க வைக்கும் உயிர்களுக்கு அங்கே வேலை செய்ய வசதியில்லை. இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மரத்தையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் முழுசாக முங்கிக் கிடக்கும் மரம் மாதக் கணக்கில் கெடாமல் கிடக்கும். காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுகிற இடத்தில்தான் அது உளுக்கும். மலைச் சதுப்பு என்பது முழுசாக முங்கிய ஒரு புல்வெளி.

செடி வளரும் வேகம் மட்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், படுகை உயர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம்தான். வட ஐரோப்பியச் சதுப்புகளில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் என்று சொல்வார்கள். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு. நீலகிரிச் சதுப்புகளின் அடிப்பகுதி 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியிருக்கிறது. 1990களில் இந்திய ஆய்வாளர்கள் அந்தப் படுகையை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கரிம ஐசோடோப்புகளை, அதாவது எடையில் சற்றே வேறுபடும் கார்பன் அணுக்களை, அளந்து, எந்தக் காலத்தில் மலையில் புல் அதிகம் இருந்தது, எந்தக் காலத்தில் மரம் அதிகம் இருந்தது, மழை எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று கணித்தார்கள். வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுக்கும் முறை வேறு வேறு. அந்த வித்தியாசம் செத்த பிறகும் அவற்றில் தங்கிவிடுகிறது. மழை பொய்த்த காலத்தையும் பெய்த காலத்தையும் யாரோ கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிவைத்த மாதிரி அந்தக் கறுப்புக் கரையில் இருக்கிறது. இதைப் படித்த பிறகு அந்த ஓடைக்கரையை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சதுப்பு எப்படிப் பாதுகாத்து வைக்கும் என்பதற்கு இன்னொரு சான்று டென்மார்க்கில் கிடைத்தது. 1950இல் அங்கே முற்றா நிலக்கரி வெட்டியவர்கள் ஒரு மனித உடலைக் கண்டெடுத்தார்கள். தோல் இருந்தது, முகத்தில் சுருக்கமும் தாடி முளைப்பும் தெரிந்தன. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உலக நிலப்பரப்பில் இந்த மாதிரிச் சதுப்புகள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிடக் கூடுதலான கரியை இவை பிடித்து வைத்திருக்கின்றன. வடிகால் வெட்டி உலர்த்தினால் காற்று உள்ளே போகும். அத்தனை ஆண்டு காத்திருந்த செடியெல்லாம் மட்க ஆரம்பிக்கும். கரி காற்றில் கலக்கும். நீலகிரியில் இப்படி எத்தனையோ சதுப்புகள் காய்கறித் தோட்டத்துக்காகவும் தேயிலைக்காகவும் வடிக்கப்பட்டன. சில நீர்த்தேக்கங்களுக்குள் போயின. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வதற்கு இந்தச் சதுப்புகளில் வளரும் ஒரு தனிப் புல்லைத்தான் பயன்படுத்துவார்கள். சதுப்பு குறைந்ததால் அந்தப் புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நாணலும் கோரையும் வெட்டிப் பழகிய நமக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

இதில் நமக்கு நேரடித் தொடர்பும் உண்டு. நீலகிரியின் பல ஓடைகள் மோயாற்றிலும் பவானியிலும் சேர்கின்றன. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானி, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியில் விழுகிறது. ஜூன் 12 எப்போது வரும், மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்துக் கிடக்கிற நாம், மேட்டூரைத் தொடாமலே வந்து காவிரியில் சேரும் இந்தத் தண்ணீரை அவ்வளவாக நினைப்பதில்லை.

சரி, இனி அக்கா மகளின் கேள்வி. இப்படிப்பட்ட இடத்தில் பாதை எப்படிப் போடுவது?

பரம்படிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நடவுக்கு முன் சேற்றை மட்டப்படுத்த மாட்டின் பின்னால் ஒரு நீளப் பலகையை இழுப்பார்கள். பலகை மேல் ஆள் ஏறி நிற்பார். இறங்கி நின்றால் அதே ஆள் முழங்கால் வரை புதைவார். பலகையில் நிற்கும்போது சேறு அவரைத் தாங்குகிறது. ஆளின் எடை மாறவில்லை, அந்த எடை பரவும் இடம்தான் மாறியது. ஒரு காலடியின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் நீளமும் கால் மீட்டர் அகலமும் உள்ள பலகை என்றால் 5,000 சதுர சென்டிமீட்டர். சேற்றின் மேல் விழும் அழுத்தம் 25இல் ஒரு பங்காகிவிடுகிறது. சதுப்புப் பாதைகளின் ரகசியம் முழுக்க இதுதான்.

இந்த யோசனை மனிதர்களுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிச் சதுப்பில் ஸ்வீட் டிராக் என்று ஒரு மரப்பலகைப் பாதையைத் தோண்டியெடுத்தார்கள். அதன் மரங்களின் வளையங்களை எண்ணி, கி.மு. 3807 அல்லது 3806இல் அந்த மரங்கள் வெட்டப்பட்டன என்று கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆண்டு பழைய பலகை. சதுப்பே அதைக் கெடாமல் காத்துக் கொடுத்திருக்கிறது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் விட்டபோது நடுவில் சாட் மாஸ் என்ற சதுப்பு குறுக்கிட்டது. ரயில் பாதை அமைத்த பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் சுள்ளிக் கட்டுகளையும் புதர்ச் செடிகளையும் பரப்பி, அவற்றின் மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார். வயலில் டிராக்டர் மாட்டிக்கொண்டால் தென்னை மட்டையும் வைக்கோலும் அள்ளிப் போடுகிறோமே, அதேதான்.

அயர்லாந்தின் விக்லோ மலைகளில் நடப்பவர்களுக்கென்று 1980இல் ஒரு நெடும்பாதை திறந்தார்கள். நீளம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காடு, மலை ஏரி, சதுப்பு மூன்றும் அதில் உண்டு. சதுப்பு மேட்டில் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை நீளவாக்கில் இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறார்கள். மழையில் வழுக்காமல் இருக்க மேலே கம்பி வலை அடித்திருக்கிறார்கள். கட்டை போடுவதற்கு முன் அந்த இடத்தில் நடப்பவர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஓரமாக ஒதுங்கி, ஒற்றையடிப் பாதையைப் பல மீட்டர் அகலத்துக்குக் கறுப்புச் சேறாக்கியிருந்தார்கள்.

எல்லா இடத்திலும் பலகை இருக்காது. இல்லாத இடத்தில் பாதையின் நடுவில் சேறு இருந்தால் சேற்றிலேயே நடந்துவிடுங்கள். செருப்பு அழுக்காகும் என்று ஒதுங்கி ஓரத்துப் புல்லில் கால் வைத்தால், நாளைக்கு வருபவர் அதற்கும் ஓரத்தில் வைப்பார். மழைக்காலத்தில் வரப்பு இப்படித்தான் சரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு காலடி பதிந்தால், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் அந்தக் குழி நிரம்ப ஐம்பது ஆண்டு. ஒரு காலடிக்கு. வரிசையாக, முன்னால் போகிறவர் வைத்த இடத்திலேயே வைத்துப் போவது நல்லது.

பளிச்சென்ற பச்சையாக, பாய் விரித்த மாதிரி மட்டமாக இருக்கும் இடம் கண்ணுக்கு அழகாக இருக்கும். அங்கேதான் தண்ணீர் அதிகம். கால் உள்ளே போய்விட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். உளையில் மாட்டியவர்களுக்கு நம் பெரியவர்கள் சொல்வதுதான் அங்கேயும்: பின்பக்கமாகச் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி, தண்ணீர் உள்ளே இறங்க இடம் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

நேரக் கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், சமவெளிக்காரர்கள் தவறு செய்வது இதில்தான். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 200 அடி. பத்து விமான உயரம் ஏறினால் ஒரு மணி நேரம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர்கள் அதற்கு மேலும் அரை மணி சேர்த்துக்கொள்வது நல்லது. பழகிக்கொள்ள திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை.

குளிரும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர்; தஞ்சாவூரைவிடப் பதினான்கு டிகிரி குறைவாக இருக்கலாம். பருத்தியும் ஜீன்சும் நனைந்தால் அங்கே காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். சீக்கிரம் உலரும் துணியும் ஒரு மழைக்கோட்டும் போதும்.

அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை முறைப்படுத்தி, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்தது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் முறை என்றால் எளிதில் தொடங்குங்கள். தீ பிடிக்கும் மாதங்களில் பாதைகளை மூடுவார்கள். அப்போது வேறு வழியாக யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் போக வேண்டாம்.

மலைக்குப் போக இப்போதைக்கு வசதிப்படாவிட்டால் கோடியக்கரையில் ஆரம்பிக்கலாம். 1967இலிருந்து சரணாலயம். சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் ஆறரை மணிக்கெல்லாம் நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு பக்கம் முள்ளும் பாலை மரமுமாக உலர் பசுமைமாறாக் காடு, இன்னொரு பக்கம் புல்வெளி, அதற்கப்பால் பூநாரைகள் வருகிற சதுப்பு. வெளிமான்கள் கூட்டமாக நிற்கும். நின்று பார்த்தால் அவையும் நின்று பார்க்கும். ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் அந்தப் பகுதியிலேயே உயரமான இடம், நான்கு மீட்டர் இருக்கும். அக்கா மகளை மலைக்கு அனுப்புவதற்கு முன் அங்கேதான் கூட்டிப்போனேன். மேட்டில் ஏறி நின்று, “இதுவே காத்து நல்லா வருதே மாமா” என்றாள். கீழே உப்பு பூத்த சேற்றில், எப்போதோ குறுக்கே நடந்த யாருடைய காலடிகளோ வரிசையாக, காய்ந்து இறுகி, அப்படியே இருந்தன.